கல்ச்சர் சென்சிடிவிட்டி முடிவு பிறழும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளின் சிறு ஆய்வகங்களில் பணிபுரியும் நுட்புநர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: நுண்ணுயிரின் மருந்து உணர்திறனைச் சோதிக்க, மருந்து ஊறிய காகித வில்லையை வைக்கும் டிஸ்க் முறை நல்லதா, குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் காட்டும் எம்.ஐ.சி. முறை நல்லதா, தானியங்கிக் கருவி நல்லதா? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. எந்த மருந்து, எந்த நுண்ணுயிர் என்பதைப் பொறுத்தே முறை அமைகிறது. அதைவிட முன்னதாகத் தெளிய வேண்டியது, கையில் இருக்கும் முடிவு தவறு என்று தோன்றினால் தவறு எங்கே நுழைந்தது என்பதாகும். காய்ச்சல்காரருக்கு நாடி பார்ப்பதைப் போலவே இதற்கும் அறிகுறியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஐயம் எழுந்தவுடன் நோயாளியின் பிளேட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, விடை முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு நுண்ணுயிரின் அன்றைய பிளேட்டை எடுத்துப் பாருங்கள். ஈ.கோலை ஏ.டி.சி.சி. (அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகம்) 25922, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏ.டி.சி.சி. 25923, சூடோமோனாஸ் ஏ.டி.சி.சி. 27853 ஆகிய மூன்றும் இல்லாத ஆய்வகத்தில் எந்த அறிகுறிக்கும் காரணம் காண முடியாது. பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். டிஸ்க்கைச் சுற்றி நுண்ணுயிர் வளராத வளையம் எல்லா மருந்துகளுக்கும் ஒரே பக்கம் நகர்ந்திருக்கிறதா, அதாவது சிறுத்தோ பெருத்தோ இருக்கிறதா? ஒரு குடும்பத்து மருந்துகள் மட்டும் நகர்ந்திருக்கின்றனவா? ஒரே ஒரு டிஸ்க் மட்டும் விலகி நிற்கிறதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். கீழே தரும் மில்லிமீட்டர் அளவுகளும் மருந்து வரம்புகளும், வேறாகக் குறிப்பிடாத இடங்களில், ஆய்வகத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யின் அட்டவணையைச் சார்ந்தவை.

அறிகுறி: எல்லா வளையங்களும் ஒருசேரச் சிறுத்திருக்கின்றன அல்லது பெருத்திருக்கின்றன

இது பெரும்பாலும் மருந்தின் குற்றமன்று. பிளேட்டில் பூசும் நுண்ணுயிர்க் கலவையின் கலங்கலின் குற்றம் அல்லது நுண்ணுயிர் வளரும் கூழ் ஊடகமான அகாரின் குற்றம். வளையத்தின் விளிம்பு உருவாவது ஒரு பந்தயத்தின் விளைவு. டிஸ்க்கிலிருந்து மருந்து வெளிநோக்கிப் பரவிக்கொண்டிருக்க, நுண்ணுயிர் பெருகிக்கொண்டிருக்கிறது. மருந்தின் செறிவு போதாத இடத்தில் பெருக்கம் முந்திவிட்டால் அங்கே விளிம்பு விழுகிறது. எனவே தொடக்கத்தில் நுண்ணுயிர் மிகுதியாக இருந்தால் எல்லா வளையமும் சிறுக்கும். குறைவாக இருந்தால் எல்லா வளையமும் பெருக்கும். பாயர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகிய நால்வரும் 1966இல் டிஸ்க் முறையை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்தபோது முதலில் கட்டுப்படுத்த நேர்ந்த மாறிகளுள் இதுவும் ஒன்று.

கலங்கலுக்கு உரிய தரமான 0.5 மெக்ஃபார்லண்ட் என்பது ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 10 கோடி முதல் 20 கோடி உயிரணுக்கள் என்ற அளவு. கண்ணால் ஒப்பிடுகிறீர்கள் என்றால் ஒப்பீட்டுக் குழாயை முதலில் சோதியுங்கள். 1.175 சதவீத பேரியம் குளோரைடு கரைசல் 0.5 மில்லியை 1 சதவீத கந்தக அமிலம் 99.5 மில்லியில் கலந்து செய்யப்படும் அந்தக் குழாயில் வெண்படிவு அடியில் தங்கும். நன்றாகக் குலுக்காமல் பிடித்தால் அது தெளிவாகத் தோன்றும், நாமும் நம் கலவையைத் தெளிவாகவே வைத்துவிடுவோம், வளையம் பெரிதாகும், எதிர்ப்புடைய நுண்ணுயிர் உணர்திறன் உடையதாகத் தோன்றிவிடும். குழாயை இருட்டில் வைத்து, மாதந்தோறும் புதிதாக்குங்கள் அல்லது 625 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.08 முதல் 0.13 வரை இருக்கிறதா என்று ஒளிமானியில் சரிபாருங்கள். குழாய்களுக்குப் பின்னால் கருங்கோடிட்ட வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்து ஒப்பிடுவதே முறை. ஜன்னல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், ஏனெனில் காலை ஒன்பது மணிக்கு இருக்கும் வெளிச்சம் பிற்பகல் மூன்று மணிக்கு இருப்பதில்லை.

கலவை தயாரான பின் 15 நிமிடத்துக்குள் பிளேட்டில் பூச வேண்டும். பூசிய 15 நிமிடத்துக்குள் டிஸ்க் வைக்க வேண்டும். டிஸ்க் வைத்த 15 நிமிடத்துக்குள் இன்குபேட்டருக்குள் போக வேண்டும். இது வெறும் சடங்கன்று. பூசியபின் டிஸ்க் வைக்கத் தாமதித்தால் நுண்ணுயிர் முந்திக்கொள்ளும், வளையம் சிறுக்கும். நம் ஊர்க் கோடையில் மேசையின் மேலேயே பெருக்கம் தொடங்கிவிடுவதால் இது இன்னும் விரைவாக நடக்கும். டிஸ்க் வைத்தபின் தாமதித்தாலோ மருந்து முந்திக்கொள்ளும், வளையம் பெருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்துக்கு மேல் பிளேட்டுகளை அடுக்கினால் நடுவில் இருப்பவை தாமதமாகச் சூடாகும். ஒரே நாளில் செய்த பிளேட்டுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கலங்கல் சரி என்றால் அகாரின் தடிமனைப் பாருங்கள். முல்லர்–ஹின்டன் அகார் 4 மி.மீ. உயரம் இருக்க வேண்டும், 90 மி.மீ. பிளேட்டுக்கு அது ஏறத்தாழ 25 மில்லி. செலவைக் குறைக்க 18 மில்லி ஊற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அகார் மெலிந்தால் மருந்து அடிநோக்கிப் போக இடமின்றிப் பக்கவாட்டில் அதிகம் பரவும், வளையம் பெரிதாகும், அதாவது தவறு ஆபத்தான திசையில் நிகழும். சந்தேகத்துக்குரிய பிளேட்டை நடுவில் கத்தியால் அறுத்து ஒரு பக்கத்து அகாரைத் தூக்கிவிட்டு, அளவுகோலை நிறுத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பிளேட்டின் ஒரு பக்கத்து வளையங்கள் மட்டும் பெரிதாக இருந்தால் ஊற்றிய மேசை சமமாக இல்லை என்று பொருள். ரசமட்டம் வைத்துப் பார்த்து மேசைக்காலின் கீழ் முட்டுக் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

அறிகுறி: ஒரு குடும்பத்து மருந்துகள் மட்டும் விலகுகின்றன

ஜென்டாமைசின், அமிகாசின், எரித்ரோமைசின் ஆகியவற்றின் வளையங்கள் சிறுத்து, டெட்ராசைக்ளின் வளையம் பெருத்திருந்தால் அகாரின் பி.எச். 7.2க்குக் கீழே போயிருக்கிறது. இதன் எதிர்த்திசைப் படம் தோன்றினால் பி.எச். 7.4க்கு மேலே போயிருக்கிறது. ஆட்டோகிளேவிலிருந்து எடுத்தவுடன் சூடாக இருக்கும்போது அளப்பது பயன் தராது. அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்த அகாரில்தான் அளக்க வேண்டும். அகார் சரியாக இருந்தும் அந்த முதல் படம் தொடர்ந்தால், யாரோ பிளேட்டை மெழுகுவர்த்தி ஜாடியிலோ கரியமில வாயு இன்குபேட்டரிலோ வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கரியமில வாயு அகாரின் மேற்பரப்பை அமிலமாக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவற்றுக்கு அது தேவைப்பட்டாலும் ஈ.கோலைக்கும் சூடோமோனாஸுக்கும் சாதாரணக் காற்றுதான் விதி.

ஈ.கோலை பிளேட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்து, சூடோமோனாஸ் பிளேட்டில் ஜென்டாமைசின், டோப்ராமைசின் வளையங்கள் மட்டும் தொடர்ந்து எல்லைக்குக் கீழே விழுந்தால், அகாரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கின்றன. இவ்வறிகுறியை இப்பகுதியில் எழுதும் எவரும் விரித்து எழுதியே ஆக வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பை ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்துக்காரர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். காய்ச்சி வடிக்கும் கருவி பழுதாகும் வாரத்தில் குழாய் நீரிலோ, வடிகட்டி மாற்றாத ஆர்.ஓ. நீரிலோ ஊடகம் கரைக்கப்படுகிறது; சூடோமோனாஸின் வெளிச்சவ்வில் ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடு ஒட்ட வேண்டிய இடங்களை அந்தக் கால்சியமும் மக்னீசியமும் பிடித்துக்கொள்கின்றன; மருந்து உள்ளே போகாமல் வளையம் சுருங்குகிறது. நோயாளிக்குப் பயன்படக்கூடிய ஒரு மருந்து, எதிர்ப்புடையது என்று எழுதப்பட்டு விலக்கப்படுகிறது. நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஊடகம் கரைக்கும் ஒவ்வொரு முறையும் அளவைப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் ஏற்பட்ட ஆய்வகங்களில் இத்தொல்லை மறைந்ததைப் பார்த்திருக்கிறேன். கால்சியமும் மக்னீசியமும் குறைந்திருந்தால் வளையம் பெருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீர் மிகத் தூயதாக இருந்து ஊடகத் தூளின் தொகுதி குறைபாடு உடையதாக இருந்தாலும் அது நேரும்.

இமிபெனெம் போன்ற கார்பபெனெம் மருந்துகள் மட்டும் சிறு வளையம் தந்தால் ஊடகத் தூளில் துத்தநாகம் மிகுந்திருக்கக்கூடும். தொகுதி எண்ணை மாற்றிச் சோதியுங்கள். கோட்ரைமாக்சசோல் வளையம் மட்டும் உள்ளே மங்கலான மெல்லிய வளர்ச்சியோடு காணப்பட்டால் ஊடகத்தில் தைமிடின் மிகுதி. என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் ஏ.டி.சி.சி. 29212க்கு அதே டிஸ்க்கை வைத்து, 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் தெளிவான வளையம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஊடகம் நன்றாக இருந்தும் மெல்லிய படலம் இருந்தால் அது அம்மருந்தில் உள்ள சல்பாவின் இயல்பு. 20 சதவீதத்துக்கு உட்பட்ட மங்கல் வளர்ச்சியைக் கணக்கில் கொள்ளாமல் தெளிவான விளிம்பை அளக்க வேண்டும்.

அறிகுறி: ஒரே ஒரு டிஸ்க் மட்டும் வலுவிழந்துள்ளது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு வந்தபோது எங்கள் ஆய்வகத்தில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் திரும்பியதும் குளிர்ப்பெட்டி மீண்டும் குளிர்ந்தது. டிஸ்க் குப்பிகள் பார்வைக்கு முன்போலவே இருந்தன. அவற்றை எடுத்துவிடாமல் பயன்படுத்தத் தொடங்கியது என் பிழை. ஈ.கோலை 25922இல் அமாக்சிசிலின்–கிளாவுலனேட் வளையம் எல்லைக்குள்ளேயே இருந்ததால் நிம்மதி அடைந்துவிட்டேன். ஆனால் அதே வாரத்தில் வந்த சிறுநீர்க் கல்ச்சர்களில் அந்த மருந்துக்கு எதிர்ப்பு திடீரென மிகுந்தது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. 25922, பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியை உற்பத்தி செய்யாத நுண்ணுயிர். அந்த நொதியைத் தடுக்கும் கிளாவுலனேட் முழுவதும் அழிந்துபோனாலும் அமாக்சிசிலின் மட்டுமே அதைத் தடுத்து நல்ல வளையத்தைத் தந்துவிடும். கிளாவுலனேட் உயிரோடு இருக்கிறதா என்பதை அந்த நொதியை உற்பத்தி செய்யும் ஈ.கோலை ஏ.டி.சி.சி. 35218தான் சொல்லும், அதில் 17 முதல் 22 மி.மீ. வரை வளையம் வர வேண்டும். அன்று அதைச் சோதித்தபோது வளையம் எல்லைக்கு வெகு கீழே இருந்தது. தடுப்பி சேர்ந்த மருந்துகளுக்கு 35218 இல்லாமல் சோதிப்பது சோதிக்காமல் இருப்பதற்குச் சமம் என்பதை அந்த வாரத்தில் அனுப்பிய முடிவுகளைத் திரும்பப் பெற்றபோது கற்றுக்கொண்டேன்.

ஈரத்தாலும் வெப்பத்தாலும் முதலில் கெடுபவை கிளாவுலனேட்டும் இமிபெனெமும். பிற பீட்டா-லாக்டம் மருந்துகள் அடுத்தபடி. இருப்பு டிஸ்க்குகள் உறைநிலையிலும், அன்றாடம் எடுப்பவை 2 முதல் 8 டிகிரியிலும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவிலும் இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறப்பது மிகப் பரவலான தவறு. வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த டிஸ்க்கின் மேல் துளிர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது இரட்டிப்பாக நேரும். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் மூடியபடியே வெளியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்கவும். மின்வெட்டுக்குப் பின் குளிர்ப்பெட்டியின் உச்ச வெப்பநிலையைக் காட்டும் வெப்பமானி உள்ளே இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை.

டிஸ்க் புதிதாக இருந்தும் கட்டுப்பாட்டு வளையம் மெல்ல மெல்ல நகர்ந்தால், நகர்ந்தது மருந்தன்று, கட்டுப்பாட்டு நுண்ணுயிரே. வாரக்கணக்கில் ஒரே சாய்வுக் குழாயிலிருந்து மாற்றி மாற்றி வளர்த்தால் 35218, கிளெப்சியெல்லா 700603 ஆகியவை எதிர்ப்புக் காரணியான பிளாஸ்மிடை இழக்கும். உறைந்த மூல இருப்பிலிருந்து மாதந்தோறும் புதிதாக எடுங்கள்.

அறிகுறி: வளையத்துக்குள் தனிக் காலனிகள்

துடைத்துவிட்டு அளக்க வேண்டாம். கலப்படமா, அதே நுண்ணுயிரின் எதிர்ப்புள்ள கூட்டமா என்பதைத் தனிக் காலனியை எடுத்துத் தூய்மையாக வளர்த்து, இனம் கண்டு, மீண்டும் சோதித்தே முடிவு செய்ய வேண்டும். புரோட்டியஸ் வளையத்துக்குள் படர்த்தும் மெல்லிய திரை மட்டும் விலக்கு. அதைக் கணக்கில் கொள்ளாமல் அடர்ந்த விளிம்பை அளக்கலாம். இரண்டு டிஸ்க்குகளின் வளையங்கள் சந்திக்கும் இடத்தில் விளிம்பு தட்டையாகவோ சாவித்துளை வடிவிலோ மாறினால் அது பிழையன்று, செய்தி. எரித்ரோமைசின் டிஸ்க்குக்கு 15 முதல் 26 மி.மீ. தொலைவில் உள்ள கிளிண்டாமைசின் வளையம் அந்தப் பக்கம் மட்டும் தட்டையானால் தூண்டப்படும் எதிர்ப்பு உள்ளது. கிளிண்டாமைசினை எதிர்ப்புடையது என்றே எழுத வேண்டும். செஃபோடாக்சிம் வளையம் கிளாவுலனேட் டிஸ்க்கை நோக்கி நீண்டால், செஃபலோஸ்போரின்களையும் சிதைக்கும் இ.எஸ்.பி.எல். நொதி உள்ளது. டிஸ்க் முறையை மலிவு என்று மட்டும் புகழ்கிறோம். இந்த வடிவங்களைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் அதன் தனிச்சிறப்பு. எண்ணை மட்டும் தரும் எந்தக் கருவியும் இதைக் காட்டாது.

அறிகுறி: கோடையில் எம்.ஆர்.எஸ்.ஏ. காணாமல் போகிறது

சித்திரை, வைகாசியில் எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் மெதிசிலின் எதிர்ப்பு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் குறைந்து, மழைக்காலத்தில் மீண்டும் மிகுவதாக உங்கள் பதிவேடு காட்டினால், ஊரில் நோய் குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் இன்குபேட்டரின் வெப்பமானியைப் பாருங்கள். மெதிசிலின் எதிர்ப்பு பலவேளைகளில் நுண்ணுயிர்க் கூட்டத்தின் ஒரு சிறு பகுதியில்தான் வெளிப்படுகிறது. அது 33 முதல் 35 டிகிரியில் நன்றாக வெளிப்பட்டு, 35க்கு மேல் மறையத் தொடங்கும். சாதாரண இன்குபேட்டரில் சூடாக்கும் கம்பி மட்டுமே உண்டு, குளிர்விக்கும் அமைப்பு இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் வெளியே வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது, ஓட்டுக்கூரைக்குக் கீழே மூடிக் கிடக்கும் அறையில் 35 என்று திருகி வைத்த இன்குபேட்டர் அறையின் வெப்பத்துக்குக் கீழே ஒருநாளும் இறங்காது. திருகின் முள் 35இல் இருக்கும். உள்ளே 38 இருக்கும்.

தண்ணீர் நிறைந்த சிறு குப்பியில் அமிழ்த்திய வெப்பமானியை மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் வைத்து, காலை வந்ததும் ஒருமுறையும் பிற்பகல் வெயில் உச்சத்தில் ஒருமுறையும் பாருங்கள். உச்ச அளவு 35ஐத் தாண்டினால் அந்த நாளின் ஸ்டஃபைலோகாக்கஸ் முடிவு செல்லாது. குளிர்விக்கும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் சரியான தீர்வு. அது கைக்கு வரும்வரை இன்குபேட்டரைக் குளிரூட்டிய அறைக்கு மாற்றி, மாலையில் பிளேட் போட்டுக் காலையில் படியுங்கள். இதற்கான சோதனை ஆக்சசிலின் டிஸ்க்கன்று, செஃபாக்சிடின் 30 மைக்ரோகிராம் டிஸ்க். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் 21 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் எதிர்ப்பு, 22 அல்லது அதற்கு மேல் உணர்திறன். ஒரே ஒரு மில்லிமீட்டர் நோயாளியின் மருந்தையே மாற்றிவிடும் என்பதால் எதிர்ப்புள்ள ஏ.டி.சி.சி. 43300ஐயும் 25923ஐயும் பக்கத்தில் வைத்துச் சோதிக்காமல் அந்த அளவை எழுத எனக்கு மனம் வராது. 25923இல் இந்த டிஸ்க் 23 முதல் 29 மி.மீ. தர வேண்டும்.

அறிகுறி: டிஸ்க் ஒன்று சொல்கிறது, கருவி வேறொன்று சொல்கிறது

முதலில் பார்க்க வேண்டியது முறையை அன்று, அட்டவணையை. வளையமும் செறிவும் வெறும் எண்கள். அவற்றை உணர்திறன், இடைநிலை, எதிர்ப்பு என்று மாற்றுவது சி.எல்.எஸ்.ஐ. அல்லது ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட் வெளியிடும் எல்லை மதிப்பு. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஈ.கோலை குடும்பத்தில் முன்பு 21 மி.மீ. இருந்தாலே உணர்திறன், சி.எல்.எஸ்.ஐ. 2019இல் அதை 26ஆக உயர்த்தி, 22 முதல் 25 வரையை இடைநிலை ஆக்கியது. ஒரு நோயாளியின் வளையம் 23 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்: சுவரில் பழைய அட்டவணை தொங்கும் ஆய்வகம் உணர்திறன் என்று எழுதும், மென்பொருளைப் புதுப்பித்த கருவி இடைநிலை என்று எழுதும், இருவரும் சரியாக அளந்திருக்கிறார்கள். மேலும், டிஸ்க்கில் உள்ள மருந்தின் அளவும் அட்டவணையோடு பொருந்த வேண்டும். செஃப்டாசிடிமுக்குச் சி.எல்.எஸ்.ஐ. 30 மைக்ரோகிராம் டிஸ்க்கைக் கேட்கிறது, யூகாஸ்ட் 10ஐக் கேட்கிறது. செஃபோடாக்சிமுக்கு 30, 5 என்ற வேறுபாடு. ஒன்றின் டிஸ்க்கை மற்றொன்றின் அட்டவணையில் படித்தால் எவ்வளவு கவனமாக அளந்தாலும் முடிவு பொய்யாகும். யூகாஸ்ட் 2019 முதல் 'ஐ' என்ற எழுத்துக்கு இடைநிலை என்ற பொருளை விட்டு, அதிக அளவு மருந்தில் உணர்திறன் என்று பொருள் தருவதையும் மருத்துவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

அட்டவணை ஒன்றே என்று உறுதியானபின், எண்களைப் பாருங்கள். எம்.ஐ.சி. இரட்டிப்புப் படிகளில் அளக்கப்படுவதால் ஒரு படி மேலோ கீழோ வருவது சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கம். ஒருமுறை 0.5, மறுமுறை 1 என்று வந்தால் இரண்டும் ஒரே முடிவே. எல்லை மதிப்புக்கு அருகில் அந்த ஒரு படி வகையை மாற்றிவிடும். அப்போது எந்த முறை தவறியது என்று தேடுவதில் பயனில்லை, திரும்பச் செய்து, எல்லைக்கு அருகில் உள்ளது என்ற குறிப்போடு அனுப்புவதே நேர்மை. இரண்டு படிகளுக்கு மேல் விலகினால்தான் தேடலைத் தொடங்க வேண்டும். தானியங்கிக் கருவியில் முதல் ஐயம் கலங்கல்மானி. வைடெக் 2 போன்ற கருவிகளுக்கு 0.50 முதல் 0.63 மெக்ஃபார்லண்ட் வரை தேவை, கண்ணளவு போதாது. அடுத்த ஐயம் நேரம்: சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் கருவி, மெதுவாகத் தூண்டப்படும் எதிர்ப்பையும் சிறு கூட்டத்தின் எதிர்ப்பையும் தவறவிடக்கூடும். 18 மணி நேரம் காத்திருந்த டிஸ்க் எதிர்ப்பைக் காட்ட, கருவி உணர்திறன் என்றால், நான் கருவியின் முடிவை நிறுத்திவைப்பேன்.

புதிய கருவியை ஒப்பிட்டு ஏற்கும் ஆய்வகங்கள் ஒரே ஒரு சதவீதத்தைப் பார்த்து மகிழ்வதை நிறுத்த வேண்டும். வகை ஒற்றுமை 90 சதவீதம் என்பது போதாது. எதிர்ப்புள்ளதை உணர்திறன் என்று சொல்லும் மிகப்பெரும் பிழையையும், உணர்திறன் உள்ளதை எதிர்ப்பு என்று சொல்லும் பெரும் பிழையையும் தனித்தனியே எண்ண வேண்டும். முதலாவதற்கு வகுக்கும் எண் எதிர்ப்புள்ளவற்றின் எண்ணிக்கை மட்டுமே. சோதித்த 30 நுண்ணுயிர்களில் இரண்டுதான் எதிர்ப்புள்ளவை என்றால் அந்த ஒப்பீடு நோயாளியைக் கொல்லக்கூடிய பிழையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

அறிகுறி: வான்கோமைசின், கோலிஸ்டின் எப்போதும் உணர்திறன் என்றே வருகிறது

ஸ்டஃபைலோகாக்கஸுக்கு வான்கோமைசின் டிஸ்க்கையும், எதற்கும் கோலிஸ்டின் டிஸ்க்கையும் அகாரில் வைப்பதே பிழை. இரண்டும் பெரிய மூலக்கூறுகள். அகாரில் தளர்ந்தே நகரும். உணர்திறனுக்கும் எதிர்ப்புக்கும் இடையே வளையத்தில் வேறுபாடு தெரியாது. ஸ்டஃபைலோகாக்கஸுக்கு வான்கோமைசினின் எம்.ஐ.சி. தேவை. கோலிஸ்டினுக்கு, சிறு குழிகளில் மருந்தைப் படிப்படியாக நீர்த்து நுண்ணுயிரை வளர்க்கும் நீர்ம நுண்நீர்த்தல் முறையே அடிப்படை; எம்.ஐ.சி.யைக் காட்டும் பட்டையும் இதில் நம்பத்தக்கதன்று. 96 குழி பிளேட் செய்ய வசதியில்லாத ஆய்வகத்துக்குச் சி.எல்.எஸ்.ஐ. ஏற்ற எளிய வழி ஒன்று இருக்கிறது. அயனி சரிசெய்த முல்லர்–ஹின்டன் நீர்மம் 10 மில்லி உள்ள நான்கு கண்ணாடிக் குழாய்களில் ஒன்றைக் கட்டுப்பாட்டுக்கு விட்டு, மற்ற மூன்றில் 10 மைக்ரோகிராம் கோலிஸ்டின் டிஸ்க் முறையே ஒன்று, இரண்டு, நான்கு போட்டால் மில்லிக்கு 1, 2, 4 மைக்ரோகிராம் கிடைக்கும். அரைமணி நேரம் மருந்து கரைய விட்டு, 0.5 மெக்ஃபார்லண்ட் கலவையில் 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, 16 முதல் 20 மணி நேரம் கழித்துப் படிக்கலாம். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். கோலிஸ்டின் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு, நுண்ணுயிரை எதிர்ப்புடையதாகக் காட்டும். சி.எல்.எஸ்.ஐ. 2020 முதல் கோலிஸ்டினுக்கு உணர்திறன் என்ற வகையையே நீக்கிவிட்டது என்பதால், 2 வரை இடைநிலை, 4 முதல் எதிர்ப்பு என்றே எழுத வேண்டும்.

அறிகுறி: பட்டையிலும் குழியிலும் படிக்க முடியாத படம்

பட்டை வைத்தபின் நகர்த்தினால் மருந்தின் படிநிலை கலைந்துவிடும். அடியில் காற்றுக்குமிழ் இருந்தால் பட்டையைச் சுற்றி நுண்ணுயிர் வளராத ஓவல் வடிவம் கோணும். ஓவல் பட்டையைத் தொடும் இடம் இரண்டு இரட்டிப்புப் படிகளுக்கு நடுவே இருந்தால் மேலே உள்ள படிக்கு உயர்த்தி எழுதவும்.

நீர்ம நுண்நீர்த்தலில் ஒரு குழி மட்டும் இடையில் தெளிந்து, அடுத்த குழியில் வளர்ச்சி இருந்தால் மேலே உள்ள அளவையே எம்.ஐ.சி. ஆகக் கொள்ளலாம், இரண்டு குழிகள் அவ்வாறு தாண்டினால் முழுப் பிளேட்டையும் திரும்பச் செய்ய வேண்டும். எல்லா எம்.ஐ.சி.யும் உயர்ந்திருந்தால் குழியில் ஒரு மில்லிக்கு 5 லட்சம் உயிரணு இருக்கிறதா என்று பாருங்கள்: மருந்தில்லாத குழியிலிருந்து, நுண்ணுயிர் சேர்த்தவுடன், 10 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மில்லி உப்புநீரில் கலந்து, அதில் 0.1 மில்லியைப் பரப்பினால் மறுநாள் ஏறத்தாழ 50 காலனிகள் வர வேண்டும். இருநூறு வந்தால் இ.எஸ்.பி.எல். உள்ளவற்றில் பீட்டா-லாக்டம் எம்.ஐ.சி. கண்டிப்பாக ஏறியிருக்கும்.

அறிகுறி: கட்டுப்பாடு எல்லாம் சரி, முடிவு மட்டும் நம்ப முடியாதது

கிளெப்சியெல்லாவுக்கு ஆம்பிசிலின் உணர்திறன், புரோட்டியஸுக்குக் கோலிஸ்டின் உணர்திறன், என்டெரோகாக்கஸுக்குச் செஃபலோஸ்போரின் உணர்திறன் என்று வந்தால் பிழை சென்சிடிவிட்டியில் இல்லை, இனம் கண்டதில் இருக்கிறது. இவை பிறவியிலேயே அந்த மருந்துகளுக்கு எதிர்ப்புடையவை. கிராம் சாயத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

டைஃபாய்டு இதன் மறுபக்கம். சால்மோனெல்லா டைஃபிக்கு ஜென்டாமைசின் டிஸ்க் அழகிய வளையம் தரும். ஆனால் நுண்ணுயிர் உயிரணுவுக்குள் ஒளிந்திருப்பதால் நோயாளிக்குப் பலன் தராது, ஆகவே அதை முடிவுத்தாளில் எழுதவே கூடாது. சிப்ரோஃப்ளாக்சசினை ஈ.கோலையின் எல்லையில் படித்தால் 28 மி.மீ. உணர்திறன், டைஃபிக்குரிய எல்லையில் 31 மி.மீ. தேவை, 28 இடைநிலைதான். மாத்திரை கொடுத்தும் ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கவில்லை என்று மருத்துவர் தொலைபேசியில் கேட்கும்போது நான் முதலில் சோதிப்பது இந்த வரியை. பெஃப்ளாக்சசின் 5 மைக்ரோகிராம் டிஸ்க் வைத்து 24 மி.மீ.க்குக் குறைந்தால் ஃப்ளூரோகுவினோலோன் அனைத்தையும் விலக்கிவிட்டு, அசித்ரோமைசினை 13 மி.மீ. எல்லையிலும் செஃப்ட்ரியாக்சோனை அதன் எல்லையிலும் படித்து, அன்று மாலைக்குள் அவருக்குத் திருப்பிச் சொல்கிறேன். அசித்ரோமைசின் வளையத்தின் விளிம்பு மங்கலாக இருக்கும் என்பதால் இரண்டு பேர் தனித்தனியே அளந்து, ஒத்துவந்தால் மட்டுமே எழுதுகிறோம்.